வேனின் கியர் பாக்ஸ் சத்தம்: கழற்றும் முன் கேட்டது, கழற்றிய பின் பார்த்தது

நியூட்ரலில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொர்ரென்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். காலை எடுத்தால் மறுபடி வந்துவிடும். இதுதான் முதல் அறிகுறி. கூடவே இன்னும் இரண்டு. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது ஒரு நறநறப்பு, அதுவும் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது அதிகம். அப்புறம், வேகம் கூடக்கூட அடியிலிருந்து எழும் ஒரு முனகல்.

வேன் பழையது. என்ஜின் முன் சீட்டுக்கு அடியில், அதன் பின்னால் ஐந்து கியர் உள்ள பாக்ஸ், அங்கிருந்து சென்டர் பேரிங்கோடு இரண்டு துண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கிரவுன். சீட்டுக்குக் கீழேயே எல்லாம் இருப்பதால் எந்தச் சத்தமானாலும் காலுக்கடியில் வருவது போலவே கேட்கும். கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது: “கிளட்ச் பேரிங் போயிருக்கும் சார், மாத்திட்டா சரியாயிடும்.”

அது இல்லை என்பதைச் சொல்ல எதையும் கழற்ற வேண்டியதில்லை. கிளட்ச் ரிலீஸ் பேரிங்குக்கு வேலை வருவதே பெடலை மிதிக்கும்போதுதான். அது போயிருந்தால் மிதிக்கும்போது சத்தம் வரும், விட்டால் போகும். பெடல் மேல் காலை லேசாக வைத்தாலே பல நேரம் கீச்சென்று ஆரம்பித்துவிடும். என் வண்டியில் நடந்தது நேர் எதிர். மிதித்தால் போகிறது என்றால், மிதிக்கும்போது எது சுற்றாமல் நிற்கிறதோ அதில்தான் கோளாறு.

எது நிற்கிறது? பெடலிலிருந்து காலை எடுத்து, கிளட்ச் பிடித்திருக்கும்போது இன்புட் ஷாஃப்ட் என்ஜினோடு சேர்ந்து சுற்றும். அதன் முனையிலுள்ள கியர் கீழேயுள்ள கவுண்டர் ஷாஃப்டைச் சுழற்றும். கவுண்டர் ஷாஃப்டின் பற்கள், மேலே சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் மெயின் ஷாஃப்டில் உள்ள எல்லா கியர்களோடும் எப்போதும் கோத்தே இருக்கும். நியூட்ரலில் அந்த கியர்கள் மெயின் ஷாஃப்ட் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், மெயின் ஷாஃப்ட் அசையாது. கிளட்சை மிதித்தால் இந்தக் கூட்டம் முழுவதும் நின்றுவிடும். ஆக, சந்தேகப் பட்டியலில் நான்கு பேர்: இன்புட் ஷாஃப்ட் பேரிங், கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்குகள், இன்புட்டுக்கும் மெயின் ஷாஃப்டுக்கும் நடுவே மூக்குக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ரோலர் பேரிங், சும்மா சுற்றும் கியர்களின் நீடில் பேரிங்குகள் (ஊசி போன்ற உருளைகள் உள்ளவை).

பைலட் பேரிங் இந்தப் பட்டியலில் வராது. என்ஜினின் பிளைவீல் பக்கம் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது அது. கிளட்ச் பிடித்திருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அதற்குள் அசைவே கிடையாது. கிளட்சை மிதித்துக் கியரில் போட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் அது உருளும். அப்போது கேட்டால் அதைப் பிடிக்கலாம். எனக்கு அப்போது அமைதிதான்.

இன்னொரு சத்தத்தையும் இங்கேயே ஒதுக்கிவிட வேண்டும். டீசல் என்ஜினில் ஐடிலில் கடகடவென்று பற்கள் ஒன்றோடொன்று தட்டும் ஓசை வருவதுண்டு. அதுவும் கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். ஆனால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டு ஆர்பிஎம் ஏற்றினால் மறைந்துவிடும். பாக்ஸ் நன்றாக இருந்தாலும் அது வரலாம். பேரிங் சத்தம் அப்படி மறையாது, ஆர்பிஎம்மோடு சேர்ந்து மேலே ஏறும். என் வண்டியில் ஏறியது.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைவிட, எதோடு சேர்ந்து ஓடுகிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும். அலுமினிய உறை சத்தத்தை முழுப் பெட்டிக்கும் பரப்பிவிடும், காது இடத்தைத் தப்பாகச் சொல்லும். ஆனால் சத்தத்தின் சுருதி எந்த ஷாஃப்டின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதோ, கோளாறு அந்த ஷாஃப்டில். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நோட்டும் பக்கத்தில் எழுத ஒரு ஆளும் போதும்.

இரண்டே சோதனைதான். முதலாவது, வண்டியின் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றுவது. மணிக்கு 40 கிலோமீட்டரில் மூன்றாவதிலும் நான்காவதிலும் போகிறோம். சத்தத்தின் சுருதி மாறவில்லை என்றால் அது மெயின் ஷாஃப்டின் பின்பக்கத்திலிருந்து சக்கரம் வரை எங்கோ இருக்கிறது, ஏனென்றால் இரண்டு கியரிலும் அந்தப் பகுதியின் வேகம் ஒன்றே. இரண்டாவது, என்ஜின் ஆர்பிஎம்மை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கியர்களை மாற்றுவது. சுருதி மாறாமல் இருந்தால் அது என்ஜின் பக்கம், இன்புட் அல்லது கவுண்டர் ஷாஃப்ட்.

முனகலை முதல் சோதனை உடனே தனியே பிரித்துவிட்டது. எந்தக் கியரானாலும் 40-ல் ஒரே சுருதி. நியூட்ரலில் உருள விட்டாலும் அதே. என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலியான அகலச் சாலையில் வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைத்தபோது, ஒரு பக்கம் திரும்பும்போது முனகல் கூடியது, மறுபக்கம் குறைந்தது. வளையும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு ஏறும், சத்தமும் ஏறினால் அந்தப் பக்கத்துச் சக்கர பேரிங். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, மறுகையை ஸ்பிரிங் மேல் வைத்தபோது கரகரப்பு விரலில் தெரிந்தது. சத்தத்தைக் காதால் மட்டும்தான் கேட்க வேண்டும் என்றில்லை. ஸ்பிரிங் வழியாக வரும் அதிர்வு காதைவிட நன்றாகச் சொல்லும். அந்த பேரிங்கைத் தனியாக மாற்றினேன், அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. இந்த முனகலோடு கியர் பாக்ஸை இறக்கியிருந்தால், வேலை முடிந்து எல்லாவற்றையும் மாட்டிய பிறகும் அது அப்படியே இருந்திருக்கும் என்பதுதான் முக்கியம். பழைய வண்டியில் இரண்டு மூன்று சத்தங்கள் ஒன்றாகக் கலந்துதான் வரும். ஒன்றை உரித்து எடுத்தால்தான் அடுத்தது தெளிவாகும்.

இனி பாக்ஸ். முதல், இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது கியர்களில் கொர்ர் சத்தம் நன்றாகக் கேட்டது. நான்காவதில் ஏறக்குறைய இல்லை. இதில் பெரிய செய்தி இருக்கிறது. இந்த வகைப் பாக்ஸில் நான்காவது கியர் நேரடி, அதாவது இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் ஒரே ஷாஃப்டாகப் பூட்டிக்கொள்ளும். கவுண்டர் ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் அதன் வழியாக விசை எதுவும் போகாது. மற்ற எல்லாக் கியர்களிலும் விசை இன்புட்டிலிருந்து கீழே இறங்கி, கவுண்டர் ஷாஃப்ட் வழியாக மறுபடி மேலே ஏறும். அப்போது பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்குபவை பேரிங்குகள். நான்காவதில் அமைதி, மற்றதில் சத்தம் என்றால் கோளாறு கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கிலோ இன்புட் பேரிங்கிலோ இருக்கலாம். இரண்டுக்குமே நான்காவதில் பாரம் குறைந்துவிடுகிறது. நடுவிலுள்ள மூக்கு பேரிங்கும் நான்காவதில் உள்ளுக்குள் உருளாது. அதனால் ‘நான்காவதில் அமைதி, ஆகவே கவுண்டர் ஷாஃப்ட்தான்’ என்று முடிவு கட்ட முடியாது. பலர் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது பாதி உண்மை.

ஏதாவது ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்திருந்தால் கதை வேறு. அந்த ஜோடிக் கியரின் பற்கள் அல்லது அதன் நீடில் பேரிங் என்று நேராகப் போயிருக்கலாம். ஆக்சிலேட்டர் கொடுத்து இழுக்கும்போது மட்டும் வந்து, விட்டால் நின்றால், பல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்திருக்கிறது. என் பாக்ஸில் மூன்றாவதில் இழுவையில் ஒரு மெல்லிய ஊளை இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

கேட்டுப் பார்க்க ஒரு நீளத் திருப்புளி போதும், நுனியைப் பாக்ஸிலும் பிடியைக் காதெலும்பிலும் வைத்தால் சத்தம் நேராக மண்டைக்குள் வரும். வண்டி தரையில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, நியூட்ரலில் ஐடிலில் கேட்டாலே எனக்குத் தேவையானது கிடைத்தது. பின்சக்கரத்தைத் தூக்கிக் கியரில் ஓடவிட்டுக் கேட்பதும் உண்டு, ஆனால் சுற்றும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுப்பது எனக்கு ஒவ்வாத காரியம். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து நான் சொல்லும்போது மட்டும் கிளட்சை மிதித்து விட்டார். பாக்ஸின் முன்பக்க மேல் ஓரத்தில் சத்தம் கரடுமுரடாக இருந்தது. முன்பக்கக் கீழ் ஓரத்திலும் கொஞ்சம். பின்பக்க நீட்டலில் ஒன்றுமில்லை. இன்புட் பேரிங் முதல் குற்றவாளி, கவுண்டர் ஷாஃப்டின் முன் பேரிங் கூட்டாளி என்று எழுதிவைத்தேன்.

இரண்டாவது கியரின் நறநறப்பைப் பார்க்க வேறு வழி. இதில் முதலில் கேட்க வேண்டியது, கோளாறு, கியர் விழும் முன் வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோவிலா கிளட்சிலா என்பதுதான். வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுவதும் மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பழைய பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் சரியாகப் பிரிந்தால் அந்த இடைவெளியில் இன்புட் நின்றுவிடும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். எவ்வளவு பொறுத்தாலும் கரகரத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. அப்படியானால் கேபிளையோ ஹைட்ராலிக்கையோ சரிபார்க்காமல் பாக்ஸைக் குறை சொல்லக் கூடாது. எனக்கு ரிவர்ஸ் அமைதியாக விழுந்தது. அப்புறம் டபுள் கிளட்ச் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதிலிருந்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டாவது. வெண்ணெய்யில் கத்தி இறங்குவது போல விழுந்தது. வேகங்களை நாமே சமப்படுத்திக் கொடுத்தால் சத்தமில்லை, சிங்க்ரோவை நம்பினால் சத்தம். தேய்ந்தது சிங்க்ரோ ரிங்.

கழற்றும் முன் கடைசிச் சாட்சி ஆயில். எப்போதும் மேலேயுள்ள ஊற்றும் பிளக்கை முதலில் திறக்க வேண்டும், அப்புறம்தான் கீழேயுள்ள வடிக்கும் பிளக். மேல் பிளக் துருவேறித் திறக்க மறுத்தால், ஆயிலை வடித்துவிட்ட வண்டியை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியிருக்கும். சமதரையில் ஆயில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலை உள்ளே விட்டு வளைத்துப் பார்த்தேன், நுனியில்கூட ஒட்டவில்லை.

வடிந்தது அளவில் குறைவு, நிறத்தில் கருப்பு. பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் கூழ் அப்பியிருந்தது. மெல்லிய கூழ் எந்தப் பழைய பாக்ஸிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். விரலுக்கிடையே தேய்த்தால் பிசுபிசுவென்று இருக்க வேண்டும், உறுத்தக் கூடாது. எனக்கு உறுத்தியது. மண்ணெண்ணெயில் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டி, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு வகைத் துகள். ஒன்று, செதில் போலப் பிரிந்த எஃகு, காந்தத்துக்கு ஓடி வருகிறது. பேரிங்கில் குண்டுகள் உருளும் ஓடுபாதை உரியும்போது இப்படித்தான் செதில் செதிலாக வரும். இன்னொன்று, மஞ்சளாக மின்னும் பொடி, காந்தத்தைச் சட்டை செய்யவில்லை. அது பித்தளை, சிங்க்ரோ ரிங்கிலிருந்து வந்தது. பல்லின் உடைந்த துண்டோ முழு நீடிலோ இல்லை. இருந்திருந்தால் அதற்குப் பிறகு வண்டியை ஒரு அடிகூட நகர்த்தியிருக்க மாட்டேன்.

ஆக, திறக்காமலேயே மூன்று விஷயம் தெரிந்துவிட்டது: முன்பக்க பேரிங்குகள், இரண்டாவது சிங்க்ரோ, ஆயில் குறைவு. ஆயில் ஏன் குறைந்தது என்பது மட்டும் மிச்சம். பாக்ஸின் வாலில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்தில், ஆயில் கசியாமல் தடுக்கும் சீலைச் சுற்றி ஈரமான தூசி அடை போல ஒட்டியிருந்தது. சீலை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று தோன்றும். மேலே ஏறிப் பார்த்தால் பிரீதர் மூடி சேற்றால் அடைத்துக் கல்லாகியிருந்தது. பாக்ஸ் சூடாகும்போது உள்ளேயுள்ள காற்று விரியும், வெளியேற வழி இல்லாவிட்டால் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு போகும். சீல் கசிந்ததற்கு வயது பாதிக் காரணம், இந்த மூடி மீதி. பேரிங்கை மாற்றி இதை விட்டிருந்தால் புதிய பேரிங்கும் அதே வழியில்தான் போயிருக்கும். ஆயில் தெறித்துத்தான் மேலேயுள்ள பேரிங்குகளுக்குப் போய்ச் சேருகிறது. மட்டம் இறங்கினால் முதலில் பட்டினி கிடப்பது மேலே முன்னால் உள்ள இன்புட் பேரிங். பாக்ஸ் பின்பக்கம் சாய்ந்து பொருத்தப்பட்ட வண்டியில் இன்னும் சீக்கிரம்.

இறக்கும் வேலையில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் பிளேஞ்சில் இரண்டு பக்கமும் சேரும்படி பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் கழற்ற வேண்டும். அந்தக் கோடு தவறினால் இல்லாத அதிர்வு புதிதாக வந்து சேரும். ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச், கிளட்ச் கேபிள், ஸ்டார்ட்டர், கியர் ராடு, பின் மவுண்ட். என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: பெல் ஹவுசிங் போல்ட்டுகள் எல்லாம் வந்த பிறகு பாக்ஸின் எடை இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் தகட்டின் நடு ஹப் வளையும், அப்புறம் கிளட்ச் பிரியவே பிரியாது. ஜாக்கியை முழு எடைக்கும் கொடுத்து, நேராகப் பின்னுக்கு இழுத்தோம்.

இறங்கியதும் இன்புட் ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். நுனியில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, அதை மறுபக்கம் தாங்குவது பைலட் பேரிங்தான். சுற்றும்போது விரலில் படும் கரடு இயல்பல்ல. மெதுவாகச் சுற்றினால் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் சிக்கிச் சிக்கி விட்டது.

பாக்ஸைத் திறக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்தேன். கழற்றிய வரிசையிலேயே, கழற்றிய திசை மாறாமல், ஒரு கம்பியில் கோத்தேன். சிங்க்ரோ ஹப்பிலும் அதன் மேல் நகரும் ஸ்லீவிலும் ஒன்றுக்கொன்று நேராகப் புள்ளி வைத்து, பிளாஸ்டிக் டையால் கட்டிவிட்டேன். ஸ்லீவ் நழுவினால் உள்ளேயுள்ள சாவிகளும் ஸ்பிரிங்குகளும் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். பேரிங்கை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங் வளையமான சர்க்ளிப்பை எடுக்கும்போது கண்ணாடி போட வேண்டும், அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இன்புட் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினேன். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் விர்ரென்று சுழற்றுவது பலருக்கும் ஆசை. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நல்ல பேரிங்கும் கெடும், சில நேரம் கூண்டு சிதறும். காய விட்டு, வெளி வளையத்தைச் சாய்த்து உள் வளையத்தின் ஓடுபாதையை டார்ச்சில் பார்த்தேன். பாதையின் நடுவில் ஒரு விரல் நகம் அளவுக்கு மேல்தோல் உரிந்து, சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் ஒரு குழி. அதன் விளிம்பு இன்னும் உரியக் காத்திருக்கிறது. ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியைக் கடக்கும்போது வந்ததுதான் கொர்ர் சத்தம். கவுண்டர் ஷாஃப்டின் முன் ரோலர் பேரிங்கில் குழி இல்லை, ஆனால் பாதை மங்கி, கோடு கோடாகத் துகள் அழுத்திய தடம். மேலேயுள்ள பேரிங்கின் செதிலைக் கீழேயுள்ள பேரிங் மென்றிருக்கிறது. திருப்புளி சொன்னதும் இதுவேதான்: மேலே அதிகம், கீழே கொஞ்சம்.

மூக்கு பேரிங்கும் கியர்களின் நீடில் பேரிங்குகளும் நன்றாகவே இருந்தன. ஆனாலும் அந்தச் செதில்கள் எல்லா இடத்திலும் சுற்றி வந்திருக்கின்றன. பாக்ஸ் மேசையில் கிடக்கும்போது ஒன்றை மாற்றி இன்னொன்றை விடுவது மிச்சம் பிடிப்பதாகாது. சுழலும் பெரிய பேரிங்குகள் அத்தனையும், எல்லா சீல்களும், பைலட் பேரிங்கும், ரிலீஸ் பேரிங்கும் மாற்றினேன். கடைசி இரண்டில் குறை எதுவும் இல்லை. ஆனால் அவற்றுக்காக மட்டும் இன்னொரு முறை பாக்ஸை இறக்க என் முதுகு ஒப்புக்கொள்ளாது.

பேரிங் வாங்க வண்டியின் பெயரைவிட, பேரிங்கின் முகத்தில் பொறித்த எண்தான் நம்பகமானது. என்னுடையதில் 6306 என்றும் பக்கத்தில் N என்ற எழுத்தும். கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் அளவு: 06 என்றால் 30 மில்லிமீட்டர். இந்த எண்ணுக்கு வெளி விட்டம் 72, அகலம் 19. N எழுத்து, வெளி வளையத்தில் சர்க்ளிப் உட்காரப் பள்ளம் உண்டு என்பதைக் குறிக்கும். அது இல்லாத சாதாரண 6306 அளவில் சரியாக உட்கார்ந்தாலும் இடத்தில் நிற்காது. இன்னொரு குறிப்பு சி3. உள்ளே சாதாரணத்தைவிடச் சற்று அதிக இடைவெளி என்று பொருள். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் அது இருந்தாக வேண்டும். சூட்டில் உள் வளையம் விரியும்போது அந்த இடைவெளிதான் குண்டுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது.

சிங்க்ரோ ரிங்கை அளக்க, இடைவெளியில் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வேண்டும். ரிங்கை அதன் கூம்பின் மேல் கையால் அழுத்தி, ரிங்கின் பல்லுக்கும் ஸ்லீவ் வந்து கோக்கும் கியரின் சின்ன டாக் பல்லுக்கும் நடுவேயுள்ள இடைவெளியைச் சுற்றிலும் மூன்று நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். பல பாக்ஸ்களில் புதிய ரிங்குக்கு இது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரும், 0.5 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது. உங்கள் வண்டியின் எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். எனது இரண்டாவது கியரின் ரிங்கில் 0.4 தகடு இறுக்கமாக நுழைந்தது. மூன்றாவதில் 0.8. அளவில்லாமலும் தெரிந்துகொள்ளலாம்: நல்ல ரிங்கை கூம்பில் அழுத்தித் திருப்பினால் கவ்விப் பிடிக்கும், தேய்ந்தது வழுக்கும். உள்பக்கத்தின் நுண் வரிகள் மழுங்கிக் கண்ணாடி போலப் பளபளத்தன. ஆயிலை வெட்டி ஒதுக்கிப் பிடி கொடுப்பவை அந்த வரிகள்தான். டாக் பல்லின் கூர்மை கொஞ்சம் உருண்டிருந்தாலும் கியரை மாற்றும் அளவுக்கு இல்லை. பல் இன்னும் மழுங்கியிருந்தால் கியர் தானாக நழுவ ஆரம்பித்திருக்கும்.

மூன்றாவது கியரின் ஊளைக்கும் விடை கிடைத்தது. இழுக்கும் முகத்தில் பல்லின் நடுக்கோடு நெடுகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். இதை என்ன செய்வது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு கியரை மட்டும் மாற்றினால், பழைய பல்லோடு புதிய பல் ஒத்துப்போகாமல் சத்தம் இன்னும் கூடலாம். மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும், அதன் ஜோடி கவுண்டர் ஷாஃப்டோடு ஒரே துண்டாகச் செய்தது. முழு ஷாஃப்டையும் மாற்ற அந்தப் புள்ளிகள் போதுமான காரணமில்லை. பல்லின் அடியில் வெடிப்பு எதுவும் இல்லை, நுனி உடையவில்லை. விட்டுவிட்டேன்.

மாட்டும்போது ஒரே விதி: எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அதைத்தான் தள்ள வேண்டும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தை, உறைக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை. மறு வளையத்தில் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழும், புதிய பேரிங் பிறக்கும்போதே கொர்ரென்று பாடும். உறையைச் சுடுநீரில் நன்றாகச் சூடாக்கித் துடைத்துக் காயவைத்தபோது பேரிங் சுத்தியலே இல்லாமல் இறங்கியது. அலுமினியம் எஃகைப் போல இரண்டு மடங்கு விரியும், அந்த வித்தியாசம்தான் வேலையைச் செய்தது. புதிய சிங்க்ரோ ரிங்கை மாட்டும் முன் கியர் ஆயிலில் ஊறவைத்தேன். மூடும் முன் ஒவ்வொரு கியரையும் கையால் போட்டு இன்புட்டைச் சுழற்றிப் பார்த்தேன், வெளியில் வரும் சுற்றின் திசையும் வேகமும் சரியா என்று. இரண்டு கியர் ஒன்றாக விழாமல் தடுக்கும் பூட்டு உண்மையில் பூட்டுகிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும், சாலையில் அல்ல.

ஆயிலில் ஒரு சர்ச்சை எப்போதும் உண்டு. என் கையேடு கேட்டது ஜிஎல்-4 தர வகை, 75டபிள்யூ-90 தடிமன். கிடைத்ததென்று ஜிஎல்-5 ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், எண் பெரிது என்பதால் உசத்தி என்றும் நினைக்கிறார்கள். ஜிஎல்-5 கிரவுனின் வழுக்கி உரசும் பற்களுக்காகச் செய்தது. அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், சில வகைகள் சூட்டில் பித்தளையை அரிக்கும். போதாததற்கு சிங்க்ரோ ரிங் கவ்வ வேண்டிய இடத்தில் வழுக்கவும் விடும். கிரவுனுக்கு ஜிஎல்-5, பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று தனித்தனியாக வைத்துக்கொண்டேன். இந்த விதி எல்லா வண்டிக்கும் பொருந்தாது, சில பாக்ஸ்கள் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயிலோ என்ஜின் ஆயிலோ கேட்கும். கையேடு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

பிரீதர் மூடியைச் சுத்தம் செய்து, அதன் மேல் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சேறு எட்டாத உயரத்துக்கு வளைத்துக் கட்டினேன்.

இப்போது நியூட்ரலில் கிளட்சை மிதித்தாலும் விட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது கியர் குளிர்ந்த காலையிலும் நேராக விழுகிறது. மூன்றாவதின் ஊளை இருக்கிறது, முன்பைவிட ஒரு பொட்டு அதிகம் என்றே சொல்வேன். புதிய பேரிங்குகள் ஷாஃப்டுகளை அதன் பழைய நிலைக்கு இழுத்துவிட்டன, தேய்ந்த பல் இப்போது பழகிய இடத்தில் உட்காரவில்லை. இதை எதிர்பார்த்தே மூடினேன். கொஞ்ச நாள் ஓடிய பிறகு ஆயிலை மறுபடி வடித்துப் பார்த்தேன். கூழ் மெல்லியது, விரலில் உறுத்தவில்லை, துணியில் ஓரிரு பித்தளைப் புள்ளிகள், அவை புது ரிங் பழகும்போது உதிர்ந்தவை. செதில் இல்லை. மூன்றாவதின் புள்ளிகள் பெரிதானால் காந்தத்தில் எஃகு கூடும், அதுவரை இந்தப் பாக்ஸைத் திறக்க வேண்டிய வேலை இல்லை. சென்டர் பேரிங்கின் ரப்பர்தான் வெடித்திருக்கிறது, அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.